உதறாத அங்கி

தலைநகரத்திலிருந்து சுற்றறிக்கை வந்த அன்று பெர்மெத்துக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஒருவகையில் அது நல்லதாயிற்று. குரல் இருந்திருந்தால் அதைப் படித்துவிட்டு எதையாவது சொல்லித் தொலைத்திருப்பாள், வராந்தாவில் யாராவது கேட்டுத் தொலைத்திருப்பார்கள்.

‘பத்து நாட்களுக்குள் ஒவ்வொரு வட்டாரமும் நட்புறவு நாள் கொண்டாட வேண்டும். வெளிநாட்டினர் மீது பொதுமக்களிடையே நிலவும் கசப்பு தணிக்கப்பட வேண்டும். தணிந்ததற்கான புகைப்படங்கள் இணைக்கப்பட வேண்டும்.’

கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்குக்கு வடக்கே இருக்கும் அக்கொர்கோன் வட்டார அலுவலகத்தில் நல்லிணக்கப் பிரிவு என்று ஒன்று உண்டு. பிரிவு என்றால் பெர்மெத், ஒரு மேசை, ஒரு மின்கெண்டி. அறை கழிப்பறையை ஒட்டி இருந்தது. பத்தொன்பது வருடம் பிறப்பு இறப்புப் பதிவில் இருந்தவளை இரண்டு வருடத்துக்கு முன்பு இங்கே தூக்கிப் போட்டார்கள். பிறந்ததும் செத்ததும் எழுதியவள், நடுவில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பிடித்துத் தின்னாமல் பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தார்கள் போல.

ஜனவரியில்தான் அந்தக் கூத்து நடந்தது. பேருந்து நிறுத்தத்தில் ஒரு பங்களாதேஷ் தையல்காரன் நம் பெண் ஒருத்தியின் கையைப் பிடித்து இழுத்துவிட்டான் என்று எல்லாருடைய போனிலும் ஒரு செய்தி வந்தது. எந்தப் பெண், எந்த நிறுத்தம் என்று கேட்க ஒரு ஆளில்லை. சாயங்காலம் இருநூறு பேர் தையல் பட்டறை விடுதியின் கேட்டில் ஏறினார்கள். போலீஸ் ஒரு மணி நேரம் கழித்து வந்தது. வந்ததும் முதல் வேலையாக, அடிபட்டு விழுந்து கிடந்தவர்களிடம் பாஸ்போர்ட்டைக் காட்டச் சொன்னது. கேட்டில் ஏறியவர்கள் அதை நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

விடுதியில் பதினோரு பேர். அதில் மொக்லேஸ் என்பவன் கதவைச் சாத்தப் பார்த்தபோது இரும்புக் கம்பியால் வலது கையில் அடித்தார்கள். இரண்டு விரல் நொறுங்கிப் போயிற்று. அவன் சட்டைக் காலர் தைக்கிறவன். அந்த இரண்டு விரல் இல்லாவிட்டால் மீதி எட்டும் இருந்து என்ன பிரயோசனம்? நகரத்து மருத்துவர் எலும்புக்குள் கம்பி செருகிக் கட்டி, மார்ச் நான்காம் தேதி வரச் சொல்லியிருந்தார். அன்றைக்குக் கம்பியை எடுத்து இன்னொரு முறை அறுத்தால்தான் விரல் மடங்கும், தவறினால் ஆயுசுக்கும் விறைத்தே நிற்கும் என்று சொல்லி அனுப்பினார்.

அடிதடி நடந்த மறுவாரம் பெர்மெத் விடுதிக்குப் போனாள். கையில் அரசாங்கம் அச்சடித்த சுவரொட்டி. ‘வெறுப்பைப் பொறுக்காதீர். புகார் கொடுங்கள். அரசு உங்கள் பக்கம்.’ பதினோரு பேரும் அதைப் பார்த்தார்கள். பத்துப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மொக்லேஸ் மட்டும் இடது கையால் அவளுக்குத் தேநீர் ஊற்றி, மேசையில் ரொட்டியை வைத்தான். இரண்டு வருடத்தில் பட்டறைப் பெண்களோடு பேசிப் பேசிக் கிர்கிஸ் மொழி ஓரளவு பிடிபட்டிருந்தது அவனுக்கு.

"புகார் குடுத்தா என்ன ஆகும் அக்கா?"

"அடிச்சவங்க உள்ள போவாங்க."

"எனக்கு என்ன ஆகும்? இந்த நாட்டுல தங்கற என் பதிவு இந்த மாசம் முடியுது. முதலாளி புதுப்பிக்க மாட்டேன்னுட்டார். விரல் இல்லாதவனுக்கு எதுக்குப் பதிவுங்கறார்."

"அதுக்குத்தான் சொல்றேன். நீ புகார்காரன். கேஸ் முடியற வரைக்கும் உன்னை யாரும் ஊரைவிட்டு அனுப்ப முடியாது. சட்டம் அப்படி. கை சரியாகிற வரைக்கும் நிம்மதியா இருக்கலாம்."

"சட்டம் சரி. நீங்க என்ன சொல்றீங்க?"

அந்தக் கேள்வி அவளைக் குத்தியது. மேசையிலிருந்த ரொட்டியை இரண்டு கையாலும் எடுத்து நெற்றியில் வைத்தாள்.

"நான் சொன்னது பொய்யா போனா இந்த ரொட்டி என்னை அடிக்கட்டும்."

"ரொட்டி அடிக்குமா?"

"எங்க ஊர்ல இதுக்கு மேல சத்தியம் கிடையாதுப்பா. ரொட்டி மேல பொய் சொன்னவன் வீடு விளங்காது."

மொக்லேஸ் சிரித்தான். அன்றைக்கே அவளோடு போய்ப் புகார் எழுதிக் கொடுத்தான். வீடியோவில் முகம் தெரிந்த ஐந்து பையன்கள் மேல் வழக்குப் பதிவாயிற்று. பெர்மெத் அந்தப் பிரிவுக்கு வந்து உருப்படியாகச் செய்த முதல் வேலை அது. வீட்டுக்குப் போய்க் கணவனிடம் இரண்டு தடவை சொன்னாள்.

இப்போது சுற்றறிக்கை வந்துவிட்டது. வட்டாரத் தலைவரான அகிம் அவளைக் கூப்பிட்டனுப்பினார். அகிம் என்பது பதவி, பெயர் கெங்கெஷ். அறையில் அவரோடு குதிரை வியாபாரி இமன்குல் உட்கார்ந்திருந்தார். ஐந்து பையன்களில் மூத்தவனின் அப்பா. கம்பியை ஓங்கியது அவன்தான்.

"வா பெர்மெத், உக்காரு. தொண்டை கட்டிருக்காமே? நல்லதாப் போச்சு. பேசாத, கேளு," என்றார் அகிம். "நட்புறவு நாள் அன்னைக்கு இமன்குல் அண்ணன் அந்தப் பையன் தோள்ல அங்கி போத்தப் போறார். எல்லார் முன்னாடியும். மூத்தோர் அவையும் வரும்."

பெர்மெத்துக்கு உடனே விளங்கிவிட்டது. அடிபட்டவன் தோளில் அடித்தவன் வீட்டுப் பெரியவர் அங்கி போர்த்துவது என்றால் அக்கொர்கோனில் மூக்கொழுகும் பிள்ளைக்குக்கூட அர்த்தம் தெரியும். போர்த்தியதும் தோளைக் குலுக்கிக் கீழே தள்ளிவிட்டால், மன்னிக்கவில்லை. தள்ளாமல் நின்றுவிட்டால் மன்னித்தாயிற்று. அதற்குப் பிறகு வழக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. மூத்தோர் அவை எழுதிக் கொடுத்தால் போலீஸும் அதைத்தான் வாங்கிக் கோப்பை மூடும்.

"அவனுக்கு இதெல்லாம் தெரியாதேண்ணே," என்றாள் கரகரத்த குரலில். "அங்கின்னா என்னன்னு தெரியாது."

"துணி தைக்கிறவனுக்கு அங்கி தெரியாதா? அதுவும் பிப்ரவரி குளிர்ல?"

"போத்திக்கிட்டா கேஸ் போயிடும்னு தெரியாது. நாம சொல்லணும்."

"சொல்லு, யார் வேண்டாங்கறா? சொல்லி அவன் உதறிட்டான்னு வை. ஹாலு முழுக்க ஜனம். பெரிய மனுஷர் போத்தின அங்கியை ஒரு வெளியூர்க்காரன் தரையில தள்ளுறான். அன்னைக்கு எத்தனை பேர் கேட் ஏறினான்? இருநூறு. அடுத்த தடவை ரெண்டாயிரம் ஏறுவான். கசப்பைத் தணிக்கணும்னு மேலருந்து எழுதிருக்கான் பாத்தியா? நம்ம பசங்க அஞ்சு பேரைத் தூக்கி உள்ள போட்டா கசப்பு தணியுமா, கூடுமா? நீயே சொல்லு, நீதானே நல்லிணக்கம்!"

இமன்குல் கல்பாக் தொப்பியை மடியில் வைத்து அதன் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "என் பையன் பண்ணினது தப்பும்மா," என்றார் சட்டென்று. "நான் அவன் முகத்துல முழிக்கறதில்ல. ஆனா பத்தொன்பது வயசு. உள்ள போனா திரும்பி என்னவா வருவான்?" கண்ணீர் தாடியில் இறங்கியது. அழுகை பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் பெர்மெத்துக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

"அந்தப் பையனோட பதிவு?" என்று கேட்டாள். "மார்ச்சுல ஆபரேஷன். கேஸ் இருக்கறதாலதான் அவன் இங்க இருக்கான்."

"அதை நான் பாத்துக்கறேன். என் பேச்சு."

அகிம் மேசையிலும் ரொட்டி இருந்தது, வெண்ணெய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில். அதை எடுத்து நெற்றியில் வைக்கச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. ஒரு தையல்காரனுக்கு அவள் கொடுத்ததை அகிமிடம் கேட்டு வாங்க முடியவில்லை. அதிகாரியிடம் போய்ச் சத்தியம் கேட்பார்களா யாராவது?

மறுநாள் விடுதிக்குப் போனாள். சொல்லிவிடத்தான் போனாள். அதில் சந்தேகமில்லை. வழியெல்லாம் வாக்கியங்களைக் கோத்துக்கொண்டே போனாள். மொக்லேஸ் வாசலிலேயே பிடித்துக்கொண்டான். செய்தி அவனுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது.

"அக்கா, எனக்கு மரியாதை செய்யறாங்களாமே? டிவி வருமாம்! என் பொண்டாட்டி நம்பவே மாட்டேங்கறா. அடிச்ச ஊர்லயே மரியாதையான்னு கேக்கறா."

"ஆமா, அங்கி போத்துவாங்க..." என்று ஆரம்பித்தாள்.

"எந்தச் சட்டை போட்டுக்கட்டும்? கட்டு இருக்கறதால கை நுழையற சட்டை ஒண்ணுதான் இருக்கு. இது பரவாயில்லையா?"

கோத்து வைத்த வாக்கியம் அத்தனையும் அறுந்துவிட்டது. தொண்டை வலித்தது என்பது உண்மை. வலிக்காத தொண்டையாக இருந்திருந்தாலும் சொல்லியிருப்பாளா என்பது வேறு கேள்வி. அகிம்தான் பார்த்துக்கொள்கிறேன் என்றாரே, கை சரியாவதுதானே இவனுக்கு முக்கியம், ஐந்து பேர் உள்ளே போவதால் இவன் விரல் மடங்கிவிடுமா என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, "அந்த நீலச் சட்டை நல்லாருக்கு," என்றாள். தேநீர்கூடக் குடிக்காமல் திரும்பினாள்.

நட்புறவு நாளன்று கலாச்சார மாளிகை நிரம்பி வழிந்தது. மேடையில் ஒரு பக்கம் நம் கொடி, இன்னொரு பக்கம் வெள்ளையில் சிவப்பு வட்டம். பள்ளிப் பெண்கள் கண்ணாடிச் சில்லு வைத்த பாவாடை கட்டி ஏதோ இந்திப் பாட்டுக்கு ஆடினார்கள். பதினோரு தையல்காரர்களும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு வரிசை தள்ளி, அந்த ஐந்து பையன்களும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"அக்கா," என்று மொக்லேஸ் பக்கத்து நாற்காலியிலிருந்த பெர்மெத் பக்கம் சாய்ந்தான். "அது ஜப்பான் கொடி. எங்களுது பச்சை."

"சும்மா இருப்பா, அகிம் காதுல விழப் போகுது."

"இருக்கட்டும், இருக்கட்டும். ஜப்பான்காரன்னா ஒருத்தனும் அடிக்க மாட்டான்."

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்துப் பிற்பாடு அவளுக்குக் குமட்டியது.

அகிம் பேசினார். விருந்தோம்பல் நம் ரத்தத்தில் இருக்கிறது என்றார். ரத்தம் என்று வந்ததும் தடுமாறி, நம் மரபில் இருக்கிறது என்று திருத்திக்கொண்டார். மொக்லேஸை மேடைக்கு அழைத்தார்கள். மூத்தோர் அவையின் நான்கு கிழவர்களும் எழுந்து நின்றார்கள். இமன்குல் கருநீல வெல்வெட் அங்கியோடு வந்தார். ஓரமெல்லாம் தங்க நூல். அங்கியை விரித்து மொக்லேஸின் தோளில் போட்டார்.

கடையில் கிடைத்ததிலேயே பெரிய அளவாகப் பார்த்து வாங்கியிருந்தார்கள். மொக்லேஸோ ஒல்லிப்பிச்சான். கட்டுப் போட்ட வலது கையை அவன் நெஞ்சோடு அணைத்து வைத்திருந்ததால் அந்தப் பக்கத் தோள் சரிந்திருந்தது. அங்கி வழுக்கியது. வலது தோளிலிருந்து நழுவி முதுகில் இறங்கியது.

இமன்குல் முகம் வெளுத்துப் போயிற்று. கிழவர்களில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். தரையைத் தொட்டால் தீர்ந்தது. தெரிந்து தள்ளினானா, தெரியாமல் விழுந்ததா என்று யாரும் கேட்கமாட்டார்கள். வழக்கு பிழைக்கும். மார்ச் நான்காம் தேதியும் பிழைக்கும்.

பெர்மெத் மேடைப் படிக்கட்டில்தான் நின்றாள், பூச்செண்டோடு. பூச்செண்டைப் போட்டுவிட்டுப் பாய்ந்து அங்கியைப் பிடித்தது அவள் கை. தோளில் ஏற்றியது. நொறுங்கிய விரல்களில் படாமல், குழந்தைக்குப் போட்டுவிடுவது போலப் பொறுமையாக, அந்தக் கட்டுப் போட்ட கையை அங்கிக்கை வழியாக நுழைத்தது. முன்பக்கம் இழுத்து மூடியது. அரசாங்க நிகழ்ச்சியில் எதுவும் கீழே விழக்கூடாது என்று இருபத்தொரு வருடம் பழகிய கை. அவளைக் கேட்டுவிட்டா செய்யும்?

கூடம் முழுக்க ஒரே பெருமூச்சு. மொக்லேஸ் ஓரத் தையலைப் புரட்டிப் பார்த்தான், தொழில் பழக்கம். பிறகு, மரியாதை செய்த பெரியவரைச் சும்மா விடக் கூடாது என்று நினைத்தானோ என்னவோ, இடது கையால் இமன்குலைக் கட்டிக்கொண்டான். கிழவர்கள் உள்ளங்கையை விரித்து ஆசி சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டார்கள். ஐநூறு பேர் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். பெண்கள் தலைக்குட்டை நுனியால் கண்ணைத் துடைத்தார்கள். முதலில் கைதட்டியது யார் தெரியுமா? அந்த வழக்கை விசாரித்த போலீஸ்காரர்.

"எல்லாரும் ஏன் அக்கா அழறாங்க?" என்று கேட்டான் மொக்லேஸ்.

"சந்தோஷத்துல," என்றாள் பெர்மெத்.

மூத்தோர் அவை அன்றைக்கே பதிவேட்டில் எழுதியது: ‘அங்கி போர்த்தப்பட்டது. உதறவில்லை. தழுவிக்கொண்டார்.’ போலீஸ் அதை நகலெடுத்துக்கொண்டு கோப்பை மூடியது. நாற்பத்தாறு புகைப்படங்கள் தலைநகரம் போயின. ஒன்றில் பெர்மெத்தும் இருந்தாள், அங்கியின் முன்பக்கத்தை இழுத்து மூடிக்கொண்டு, பார்ப்பதற்கு அவனுடைய அக்காவைப் போலவே.

ஐந்தாம் நாள் காலை அலுவலக வாசலில் ஒரு சாம்பல் நிற வேன் வந்து நின்றது. குடியேற்றத் துறை. அகிம் அவளைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். பதிவு முடிந்து நாட்டைவிட்டு அனுப்பப்படுகிறவர்கள், பதினோரு பெயர். கீழே, ‘இவர்கள் தொடர்பாக நிலுவையில் புகார் எதுவும் இல்லை — நல்லிணக்கப் பிரிவு’ என்று அச்சடித்து, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"பாத்துக்கறேன்னு சொன்னீங்களேண்ணே!"

"பாத்துக்கிட்டுதானே இருக்கேன்? இன்னொரு செய்தி போன்ல கிளம்புச்சுன்னா அவனுங்க உயிருக்கு யார் பொறுப்பு? நீயா? ஊருக்குப் போனா பத்திரமா இருப்பானுங்க. அவனுங்களே இல்லைன்னா ஜனத்துக்குக் கசப்பு எங்கருந்து வரும்? வேரோட தீந்துச்சு."

"கம்பி இருக்கண்ணே விரல்ல. இன்னும் ரெண்டு வாரம்..."

"நான் உன்னைப் பொய்யா எழுதச் சொன்னேன்? புகார் இருக்கா?"

இல்லை. புகார் இல்லை. பெர்மெத் கையெழுத்துப் போட்டாள். அவள் போட்ட கையெழுத்துகளிலேயே அது சுத்த உண்மையான ஒன்று.

தன் அறைக்குப் போனவள் நிற்காமல் வெளியே ஓடினாள். கையில் மதியச் சாப்பாட்டு ரொட்டி இருந்தது. அதை எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. வீட்டை விட்டுத் தூரம் போகிறவனை ரொட்டியில் ஒரு வாய் கடிக்க வைத்து, மீதியை அவன் திரும்பி வரும்வரை எடுத்து வைக்கிற ஊர் அது. வாசலில் ஒருவன் போகிறான் என்றால் கை ரொட்டிக்குத்தான் போகும்.

வேனின் கதவு திறந்திருந்தது. மொக்லேஸ் அங்கியைப் போட்டுக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அவனிடமிருந்த கனமான துணி அது ஒன்றுதான். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அக்கா! வந்துட்டீங்களா? இவங்ககிட்ட சொல்லுங்க. என் பேர்ல கேஸ் இருக்குன்னு சொல்றேன், கேக்க மாட்டேங்கறாங்க."

"கேஸ் இல்லப்பா."

"இருக்கே. நான்தானே எழுதிக் குடுத்தேன். நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க?"

"நீ மன்னிச்சிட்டே."

"நானா? எப்போ?"

அவள் அங்கியைப் பார்த்தாள். அவனும் குனிந்து அதைப் பார்த்தான். மேடை, கிழவர்கள், அழுத பெண்கள், வழுக்கி விழப்போன அந்த ஒரு கணம், பாய்ந்து வந்து பிடித்த கை என்று ஒவ்வொன்றாக அவன் முகத்தில் வந்து போவதை அவள் நின்று பார்க்க வேண்டியிருந்தது.

"விழப் போச்சு இல்ல?" என்றான் மெதுவாக. "நீங்கதான் பிடிச்சீங்க."

"ஆமா."

அவன் அங்கியைக் கழற்ற ஆரம்பித்தான். இடது கை வந்துவிட்டது. வலது கை அங்கிக்கையில் மாட்டிக்கொண்டது. உதவ அவள் கையை நீட்டினாள். அவன் உடம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டான். பல்லால் துணியைக் கவ்வி இழுத்தான். வலியில் கண்ணில் நீர் முட்டியது. கழற்றி முடித்ததும், பட்டறையில் மடிப்பது போல ஓரத்துக்கு ஓரம் சேர்த்து ஒற்றைக் கையால் மடித்து அவளிடம் கொடுத்தான். நீலச் சட்டையோடு உட்கார்ந்தான்.

"குளிருமேப்பா, போட்டுக்கோ," என்றாள் பெர்மெத். அவன் வாங்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ரொட்டியை நீட்டினாள். "ஒரு வாய் கடிச்சிட்டுப் போ. எங்க வழக்கம்."

மொக்லேஸ் ரொட்டியைப் பார்த்தான். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை.

"இதைப் பத்தி அன்னைக்கே விளக்கமா சொன்னீங்க அக்கா," என்றான். "அங்கியைப் பத்தித்தான் சொல்லல. ரொட்டி உங்ககிட்டயே இருக்கட்டும். அது உங்களை அடிக்கணும் இல்லையா?"

கதவைச் சாத்தினார்கள். வேன் சந்தை முனையில் திரும்பிப் போயிற்று.

பெர்மெத் ஒரு கையில் அங்கியும் ஒரு கையில் ரொட்டியுமாகப் படியேறினாள். மாடி ஜன்னலைத் திறந்து அகிம் எட்டிப் பார்த்தார்.

"குடுத்துட்டானா? நல்லதாப் போச்சு. பத்திரமா அலமாரில வை பெர்மெத். அந்துருண்டை போடு. அடுத்த வருஷம் ஆகும்."

அலமாரியில் வைத்தாள். அந்துருண்டை போட்டாள். மேசையில் உட்கார்ந்து அந்த மாதத்து அறிக்கையை எழுதினாள். வட்டாரத்தில் வெளிநாட்டினர் மீதான வெறுப்புப் புகார்கள்: இல்லை. வட்டாரத்தில் வெளிநாட்டினர்: இல்லை.

மதியம் பசித்தது. ரொட்டி மேசையில் இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு பிய்த்துத் தேநீரில் நனைத்துச் சாப்பிட்டாள். அது அவளை ஒன்றும் செய்யவில்லை.